செத்த கம்பி

ஜூலை 14, செவ்வாய்.

பிள்ளைகளுக்கான பாடத்தில் ஒரு வார்த்தையைத் தவறாக எழுதிவிட்டேன். மாலை வகுப்பில் வயரிங் படிக்கும் நாங்கள் நாளை ஒரு பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போகிறோம். எழுதும் பொறுப்பு எனக்கு. மின்சாரம் இல்லாத கம்பியைச் ‘செத்த கம்பி’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

பக்கத்து பெஞ்சு அக்கா படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஒரு செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி எங்கள் குழு ஐந்து பேரும் ஒட்டி உட்கார்ந்தோம்.

“எங்க சித்தப்பாவுக்கு நடந்தது” என்றார் அக்கா.

“பேய்க் கதையா? பேய்க்கு ஷாக் அடிக்குமாக்கா?” என்றான் குழுவில் சின்னவன், நாங்கள் ‘குள்ளன்’ என்று கூப்பிடுபவன்.

“கேட்டுட்டு சிரிடா.”

ராத்திரி பதினொன்றரை. குளத்தை ஒட்டிய சாலை... ஈ காக்கை இல்லை. மழை விட்டுக் கம்பங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. லைன்மேன் சித்தப்பா வண்டியை நிறுத்தினார். புல்லில் அறுந்த கம்பி. போன வருஷம் அவர் மகள் விழுந்து கிடந்த அதே இடம்.

எட்டு வயசு. அப்பா போனில் தினமும் சொல்வதைக் கேட்டே வளர்ந்தவள்: “லைன் செத்துருச்சுப்பா, தைரியமா கை வை.” அன்றைக்குக் காற்றில் கம்பி அறுந்து கிடந்தது. தெருவிளக்கும் எரியவில்லை. கூட வந்த தோழி தயங்கினாள். “இது செத்துப்போச்சுடி. எங்கப்பாவே தொடுவாரு” என்றாளாம் இவள்.

தோழி மட்டும் வீடு வந்தாள்.

இப்போது அவர் போன் அடித்தது. துணை மின்நிலையம். “அண்ணே, லைன் செத்துருச்சு. கை வைங்க.”

கையுறையை மாட்டிக் குனிந்தார். ஈரப் புல் வாசனை. அதோடு... புதிதாகப் பென்சில் சீவிய வாசனை. முதுகுக்குப் பின்னால்,

“செத்துப்போச்சாப்பா?”

கை அப்படியே நின்றது. திரும்பவில்லை. மின்சாரம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனைக் கோலை மெல்ல நீட்டினார். கோல் கீச்சென்று கத்தியது, அதன் விளக்கு சிவப்பாக எரிந்தது. எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டர் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

“இல்ல கண்ணு... உயிரோட இருக்கு. எட்டப் போ.”

ஈரச் சாலையில் சின்னச் செருப்புச் சத்தம். சளக்... சளக்...

“இவ்ளோ தூரம் போதுமாப்பா?”

“இன்னும் போம்மா.”

அதற்குப் பிறகு எங்கே கம்பி அறுந்தாலும் அந்தக் கேள்வி வருமாம். ஒவ்வொரு தடவையும் ‘இன்னும்’ என்பார். அடுத்த தடவை குரல் அந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்கும். போன வாரம் குளத்தின் அக்கரையிலிருந்து... காதில் விழுந்தும் விழாமலும்.

“போதுமாப்பா?”

இன்னும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போதும் என்று சொல்லவும் பயம். விடியும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

குள்ளன் சிரிக்கவில்லை.

நாளை: ‘செத்த கம்பி’யை மூன்று இடத்திலும் அடிக்க வேண்டும். ‘கீழே கிடக்கும் எந்தக் கம்பியிலும் மின்சாரம் இருக்கும், கிட்டே போகாதே, பெரியவர்களைக் கூப்பிடு’ என்று எழுத வேண்டும். பத்து மீட்டர் கயிறு ஒன்று எடுத்துப் போக வேண்டும். எவ்வளவு தூரம் போதும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.