கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு

— தொடாத! ஆட்டாம அப்படியே வை!

— இதுக்குப் போயா இந்தக் கத்து கத்தின? நான் வச்ச தட்டுதான்க்கா.

— நீ வச்சதா? உங்க மாமா படுக்கப் போற கட்டிலுக்கு அடியிலயா? ஆபரேஷன் தையல் பிரிஞ்சிடும்னு குனியாமலே இருந்தேன். செருப்பு உள்ள போச்சேன்னு எட்டிப் பார்த்தா, வெள்ளையா, பஞ்சு பஞ்சா... என்னடா அது?

— பூஞ்சைக்கா. நல்ல பூஞ்சை. மக்கின உரத்துல ஓட்ஸப் பிசைஞ்சு, இருட்டா கதகதப்பா நாலு நாள் விட்டா இப்படிப் பொங்கி வரும். அப்புறம் வாளித் தண்ணியில கரைச்சு, மீன் தொட்டிக்குக் காத்து விடுற மோட்டார ஒரு நாள் பூரா ஓடவிட்டு ஊத்தணும். செடி வேருக்கு அமிர்தம்க்கா, சத்தியமா!

— அமிர்தமாம்! டேய், டாக்டர் என்ன சொன்னாரு? உன் வாயால சொல்லு.

— மண்ணு ஆகாது. பூந்தொட்டி ஆகாது...

— அப்புறம்?

— பூஞ்சை ஆகாது.

— என் கிட்னிய அவர் உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு, இருக்கிற எதிர்ப்பு சக்திய எல்லாம் மாத்திரையப் போட்டு அடக்கி வச்சிருக்காங்க. உனக்கும் எனக்கும் ஒரு தும்மலோட போறது, அவருக்கு நெஞ்சுல போய் முளைக்கும்டா.

— தொட்டிய எல்லாம் நேத்தே மொட்டை மாடிக்கு ஏத்திட்டேன்க்கா. இது தட்டுதானேன்னு...

— தட்டுதானேன்னு! உன்ன என்ன சொல்றது? அப்படி எந்தச் செடிக்குடா இவ்வளவு அவசரம்?

— மாமாவோட எலுமிச்சைக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து தினம் போன் பண்ணி, எப்படி இருக்குன்னு கேட்டாரு. ஜம்முனு இருக்குன்னு புளுகிட்டேன். இலை எல்லாம் கொட்டிப் போச்சுக்கா. அவர் வந்து பார்க்கும்போது ஒரு துளிராவது இருக்கட்டுமேன்னு...

— உன்னத் திட்டவும் முடியல. ஈரத் துணியப் போட்டு மூடித் தூக்கு. விளக்குமாத்த எடுக்காத, தூசி கிளம்பும். ஜன்னலத் திற. அவர் இன்னைக்கு முன் ரூம்ல படுக்கட்டும்.

— மூடிட்டேன். அக்கா, ஒண்ணும் ஆகாதுல்ல?

— ஆகாது ஆகாதுன்னு மூணு வாரமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். நல்லவேளை, இப்பவே கண்ணுல பட்டுச்சு. அவங்க ஆஸ்பத்திரியிலேருந்து கிளம்பி பத்து நிமிஷம் ஆச்சு, பொண்ணு இப்பதான் போன் பண்ணினா.

— டாக்சியிலதானே?

— இல்லடா. கண்டவங்க ஏறி இறங்கின வண்டி எதுக்குன்னு நம்ம காரையே எடுத்துட்டுப் போயிட்டா. ரோட்டுத் தூசி படாம கண்ணாடி எல்லாம் ஏத்தி, ஏ.சி. போட்டு, அப்பாவப் பின் சீட்டுல படுக்க வச்சுக் கூட்டிட்டு வர்றா. அவளுக்கு இருக்கிற புத்தி உனக்கு... ஏன்டா உட்கார்ந்துட்ட? ஏன் முகம் இப்படி ஆயிடுச்சு?

— போன் போடுக்கா. கண்ணாடிய இறக்கச் சொல்லு. வண்டிய ஓரங்கட்டி அவர வெளிய இறக்கச் சொல்லு!

— என்னடா சொல்ற?

— மூணு வாரமா ஷெட்டுல மூடிக் கிடந்த கார்க்கா. இருட்டா, கதகதப்பா இருந்துச்சு. நான் ரெண்டு தட்டு போட்டேன். இன்னொண்ணு அவர் படுத்திருக்கிற சீட்டுக்கு அடியில இருக்கு.