ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல

இல்ல மேடம், அந்தப் பட்டன விடுங்க. எத்தன தடவ அமுக்கினாலும் அது கேக்காது. கதவையும் இழுக்காதீங்க, பின்னாடி வெறும் செவுருதான். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நிக்குறோம். எப்படித் தெரியும்னா, என் சட்டையப் பாருங்க. ஆமா, இந்த லிஃப்ட்டப் பாத்துக்கிற கம்பெனியேதான். ஏன் அப்படி முறைக்கிறீங்க, நானா நிறுத்தினேன்? மேல, ரெண்டு லிஃப்ட்டுக்கும் பொதுவான மெஷின் ரூம்ல, என் ஆளுங்க பக்கத்து லிஃப்ட்ட ரிப்பேர் பாக்குறாங்க. சாப்பிட்டுட்டு அங்க போகத்தான் நானும் ஏறினேன். உள்ள இருந்துக்கிட்டு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. டாக்டரே ஆபரேஷன் மேசையில படுத்துட்டா என்ன பண்ணுவாரு, அந்தக் கததான்.

பதறாதீங்க. கயிறு அறுந்து விழறதெல்லாம் சினிமாவுல. காத்து வரும், லைட்டும் இப்போதைக்கு அணையாது. நான் சொல்றதக் கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா எனக்கும் இது புதுசு. இத்தன வருஷமா மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்திருக்கேனே தவிர, உள்ள மாட்டினதில்ல. வெளிய வந்ததும் ஏன் அந்த ஏச்சு ஏசுறாங்கன்னு இப்பத்தான் புரியுது.

சொல்லியாச்சு மேடம். நின்ன உடனே போன்ல பேசினேனே, அதான். மேல பென்சில்னு ஒரு பொண்ணு, அவதான் போன எடுத்தா. அது பேரு இல்ல, நாங்க வெச்சது. எப்பப் பாரு காதுல ஒரு பென்சில் சொருகியிருக்கும், அந்தப் பொண்ணும் அதே கணக்குல இருப்பா. கூட ஒல்லி இருக்கான். அவன் நல்ல குண்டு. ரெண்டு பேரும் பாத்துப்பாங்க. நான் கொஞ்சம் பேசிட்டே இருக்கேன், தப்பா நெனக்காதீங்க. பேசாம நின்னா மூச்சு முட்டுது.

உங்க பையிலேருந்து எட்டிப் பாக்குதே ஒரு புத்தகம், அது ஆளுங்கள வெச்சு வேலை பாக்குறதப் பத்தித்தானே? புதுசா பொறுப்புக்கு வந்திருக்கீங்களா? உங்களுக்குக் கீழ ஆறு பேரா. எனக்கும் கிட்டத்தட்ட அவ்ளோதான். நானும் அந்த மாதிரி படிச்சவன்தான் மேடம். நம்பலயா? என் மூஞ்சியப் பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க.

எங்கிட்ட ஒரு நல்ல மெக்கானிக் இருந்தான். திடீர்னு வேலைய விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டான், அதுவும் சம்பளம் கம்மிக்கு. ஏன்டான்னு கேட்டேன். அங்க சத்தம் கம்மிண்ணே, அப்படின்னான். எந்தச் சத்தம்னு எனக்குப் புரியல பாருங்க. அப்புறம்தான் ஒருத்தன் வாய் தவறிச் சொன்னான், பசங்க எனக்கு வெச்சிருக்கிற பேரு சைரனாம். நான் மேல கத்தினா தரைத்தளத்துல வாட்ச்மேன் எந்திரிச்சு நிப்பாராம். வீட்டுல போய்ச் சொல்லி அழாத குறை. பொண்டாட்டி ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா? இந்தப் பேரு உங்களுக்கு இப்பத்தான் தெரியுமான்னு கேட்டா. மறுநாள் லைப்ரரியிலேருந்து ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்து தலமாட்டுல வெச்சிட்டா.

அதுக்குக் காலண்டர் தாள்ல அட்டை போட்டு, ஏதோ மெஷின் புத்தகம் மாதிரி மறைச்சு மறைச்சுப் படிச்சேன். அதுல என்ன போட்டிருந்துச்சுன்னா, யாராவது வந்து சந்தேகம் கேட்டா நீ பதில் சொல்லாத, நீ என்ன நெனக்கிறேன்னு திருப்பிக் கேளு. சரி, கேட்டுப் பாப்போம்னு ஒல்லிகிட்ட ஆரம்பிச்சேன். அவன் ஏதோ கேட்டான், நான் மெதுவா, தன்மையா, நீ என்ன நெனக்கிறப்பான்னேன். அப்பாங்கிற வார்த்தை என் வாயிலேருந்து வந்ததுமே அவனுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. நம்மளையெல்லாம் வேலைய விட்டுத் தூக்கப் போறாங்கடான்னு போய்ச் சொல்லிட்டான். சாயங்காலம் ஒவ்வொருத்தனா வந்து, எனக்கே தெரியாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேக்குறான். கண்ணாடிக் கதவ உடைச்சவன் யாருன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

சிரிச்சீங்கல்ல? சிரிங்க. கொஞ்சம் தைரியமா இருக்கு.

இன்னொண்ணும் போட்டிருந்துச்சு. வேலை முடிஞ்சதும் தனியா உக்காந்து அன்னிக்கு நடந்தத யோசிக்கணுமாம். வீட்டுல எங்கருந்து தனியா உக்கார? கீழ ஸ்கூட்டர நிறுத்திட்டு, ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம அதுமேலயே உக்காந்திருப்பேன். அக்கம்பக்கத்துல புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு முடிவே பண்ணிட்டாங்க. அப்படி உக்காந்திருக்கும்போதுதான் மேடம் ஒவ்வொண்ணா மண்டையில ஏறுச்சு. யார் என்ன வேலை பாத்தாலும் குடுடான்னு கையிலேருந்து பிடுங்கிருவேன். அவங்களுக்குத் தெரியலன்னுதான் பிடுங்குறேன்னு நெனச்சிட்டிருந்தேன். அது இல்ல. எனக்குப் பயம். சும்மா நின்னு பாத்துட்டிருக்க எனக்குப் பயம். அவ்ளோதான் விஷயம். இவ்ளோ நாள் அதத்தான் கோபம்னு காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

லிஃப்ட் ஸ்பீக்கர்ல கேட்டுச்சா? பென்சில்தான். கதவ விட்டுத் தள்ளி நிக்கணுமாம், கைப்பிடியப் பிடிச்சுக்கணுமாம். லிஃப்ட்ட நகத்தப் போறாளாம். வாங்க, இந்தப் பக்கமா வந்துருங்க. இப்போதைக்கு அவ சொல்றதுதான் சட்டம், நானும் உங்கள மாதிரி சவாரிக்காரன்தான்.

எப்படின்னா, கரண்ட்ட சுத்தமா நிறுத்திட்டு, பிரேக்க கையால திறப்பாங்க. ஒல்லி நம்ம லிஃப்ட் மோட்டார்ல இருக்கிற சக்கரத்தப் பிடிச்சுக்குவான், அவ பிரேக் லீவர அழுத்துவா. கொஞ்சம் திறக்கணும், உடனே மூடணும். சோடா பாட்டில் மூடியத் திருகுவோமே, பொங்காம, விட்டு விட்டு, அந்தப் பதம். எட்டாவது மாடி மட்டத்துக்கு வர்ற வரைக்கும் அப்படியே.

ஐயோ. இல்ல, இல்ல, ஒண்ணுமில்ல, அது அப்படித்தான் குலுங்கும். ஆமா, மேலதான் போகுது. நாம ரெண்டே பேரு, கயித்தோட அந்தப் பக்கம் தொங்குற இரும்புக் கட்டை நம்மள விடக் கனம். அது இழுக்கும். அதனாலதான் திறந்தே வெச்சிடக் கூடாது. வெச்சா... வெக்க மாட்டா.

பழக்கமான்னா? நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு மேடம். மூணு வருஷமா எங்கிட்ட இருக்கா. இத பண்ணியிருக்காளான்னு கேக்குறீங்களா? பண்ணினதில்ல. லீவர் பக்கம் நான் யாரையும் விட்டதே இல்ல. பாத்திருக்கா, அவ்ளோதான்.

கோபப்படாதீங்க. நீங்க சொல்றது புரியுது, நான் போன் போட்டு இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணுன்னு சொல்லலாம். எனக்குத் தெரியாதா? போன் கையிலதான் இருக்கு, அவ நம்பர் திரையில இருக்கு, ஒரு தட்டு தட்டினாப் போதும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன மாசம் அவ ஒரு கதவுப் பூட்டக் கழட்டிட்டிருந்தா. நான் பின்னாடி போய் நின்னேன், ஸ்க்ரூட்ரைவரக் கீழ போட்டுட்டா. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா எங்கிட்ட. அன்னிக்கு ஸ்கூட்டர்ல உக்காந்தப்ப தோணுச்சு, மத்தவங்க முன்னாடி இவ எதையும் கீழ போட்டுப் பாத்ததில்லையே. மறுநாள் மாடிப்படியில மறைஞ்சு நின்னு பாத்தேன். என்ன வேகம், என்ன சுத்தம். எனக்கே ஆச்சரியம். அப்ப எனக்கு இருமல் வந்துச்சு மேடம். வெறும் இருமல்தான். அவ கை அப்படியே நின்னுடுச்சு. எடுக்கவும் இல்ல, விடவும் இல்ல, இரும்பு மாதிரி இறுகிப் போச்சு.

மறுபடி நகருது. பிடிச்சுக்கங்க. இது கொஞ்சம் நீளமா... விட்டுட்டா. லீவர விட்டுட்டா மேடம், பிரேக் பிடிச்சிடுச்சு. நல்ல பொண்ணு.

இப்பப் புரியுதா? அந்தக் கை லீவர் மேல இருக்கு. என் குரல் கேட்டு அது நின்னுச்சுன்னா, பிரேக் திறந்தபடியே நின்னுடும், நாம உச்சிக்குப் போய் இடிப்போம். அதனால போன்லயே சொல்லிட்டேன், நீ பாத்துக்கம்மா, நான் இனிமே கூப்பிட மாட்டேன், ஏதாவது சொல்லணும்னா நீ ஸ்பீக்கர்ல சொல்லுன்னு. மெதுவா, மெதுவான்னு ஒரு வார்த்தை இங்க தொண்டையிலயே நிக்குது. அது அவகிட்டப் போயிடக் கூடாதேன்னுதான் இவ்ளோ நேரமா உங்ககிட்ட இப்படி வளவளன்னு பேசி அறுத்துட்டிருக்கேன்.

மேல லீவர் சத்தம் கேக்குது. அடுத்தது திறக்கப் போறா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு மேடம். இந்தாங்க, இந்தப் போன நீங்க வாங்கி உங்க பையில போட்டுக்கங்க, நல்லா அடியில. நான் கேப்பேன். கெஞ்சுவேன், கத்தினாலும் கத்துவேன். குடுக்காதீங்க.