மூன்றாம் நாவலின் கொலையாளி

பிரெஞ்சுக்காரர்கள் வண்டி வண்டியாகத் துப்பறியும் நாவல் எழுதுகிறார்கள். அதில் நூற்றுக்கு ஒன்றுகூட ஆங்கிலத்துக்கு வருவதில்லை. வெள்ளைக்காரனுக்கு இதில் என்ன கஞ்சத்தனம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் பெயர் சிவகுருநாதன். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். டுசல்டோர்ஃப் அகதி விடுதிக்கு வந்த பிறகு ரயில் நிலையப் புத்தகக் கடைதான் எனக்கு ஆறுதல். அங்கே ஒரு பிரெஞ்சுத் தொடர் கண்ணில் பட்டது. மொத்தம் ஏழு நாவல். ஆங்கிலத்தில் முதல் இரண்டுதான் வந்திருந்தன. ஜெர்மனில் ஏழும் பக்கத்துத் தட்டிலேயே இருந்தன. ஆனால் ஜெர்மன் எனக்கு விண்ணப்பமும் முத்திரையுமாகப் பழகிய மொழி. அதில் கொலை நடந்தாலும் நகரசபைக் கடிதம் வாசிப்பது போலத்தான் இருக்கும்.

அப்போது என் அறைக்குப் பேனாட் வந்து சேர்ந்தான். மன்னார்க்காரன், பாரிசில் நாலு வருடம் கோப்பை கழுவியவன். முதலில் ஜெர்மனியில் அகதியாகப் பதிந்தவன் என்று பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிரெஞ்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாது. அவனுக்கு வரும் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வது, ஞாயிறு பூசை முடிந்து வந்து அவன் எனக்கு மூன்றாம் நாவலைப் பிரெஞ்சில் வாசித்துச் சொல்வது என்று ஏற்பாடு. நன்றாகவே சொன்னான். நீதிபதியைக் கொன்றது டாக்டரின் மனைவி என்று அவன் முடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தொண்ணூற்றைந்து மாசியில் அந்த மூன்றாம் நாவல் ஆங்கிலத்தில் வந்தது. ஓடிப்போய் வாங்கி வாசித்தேன். அதில் கொலைசெய்தவன் தோட்டக்காரன்.

பேனாட்டிடம் நிதானமாகத்தான் கேட்டேன்.

"டாக்குத்தற்ரை மனிசிதான் கொலை செய்ததெண்டு வடிவாத் தெரியுமோ?"

"ஓம் மாஸ்டர், சத்தியமா அவதான். ஏன் கேக்கிறியள்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. பதினெட்டு வருட வாத்தியாரின் காதில் பூச்சுற்றியிருக்கிறான். குசினியில் சமைக்கிற மற்றவர்களோடு சேர்ந்து அவன் சிரிப்பதும் என்னைப் பற்றித்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவனை அடியோடு வெறுத்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் வழக்கம்போலத் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாளில் அவனுக்கு மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தது. தஞ்ச விண்ணப்பம் நிராகரிப்பு; இரண்டு வாரத்துக்குள் வழக்குப் போடலாம்.

"என்ன மாஸ்டர் எழுதியிருக்கிறாங்கள்?"

"ஒண்டுமில்லை. விசாரணை நடக்குதாம். அடுத்த கடிதம் வருமட்டும் பொறுத்திருக்கட்டாம்."

"மனிசி கொறற்றி ஊரிலயிருந்து கேட்டுக் கேட்டு எழுதுறா. பயமில்லையெண்டு போடட்டோ?"

"போடு" என்றேன்.

நாடுகடத்தப்போவதாக வந்த அடுத்த கடிதத்தையும் அதேபோலத்தான் வாசித்துச் சொன்னேன். சித்திரையில் பொலிஸார் வந்தார்கள். பேனாட் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏதோ பிழை நடந்திட்டுது மாஸ்டர். இவங்களுக்கு விளங்கப்படுத்துங்கோ. கொழும்பில இறக்கினா என்னை உயிரோட விடமாட்டாங்கள்."

நான் விளங்கப்படுத்தினேன். ஊருக்குப் போக அவனுக்கு ஆட்சேபனை இல்லை என்று ஜெர்மனில் சொன்னேன். அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

கொழும்பு விமான நிலையத்தில் அவனை யாரோ கூட்டிப்போனார்களாம். ஒரு மாதம் கழித்துக் கொறற்றி அவனைச் சவமாகத்தான் கண்டாள். இதெல்லாம் என்னைப் பற்றிய உங்கள் கோப்பில் இருக்கும்.

போன கிழமை மழைக்கு ஒதுங்கி அதே கடைக்குள் நின்றேன். பொழுது போகாமல் மூன்றாம் நாவலின் ஜெர்மன் புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன். டாக்டரின் மனைவிதான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தன் வாசகர்களுக்காக முடிவை மாற்றியிருக்கிறார்.

ஆகவே நீங்கள் தவறான ஆளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஒரு நாவலை உள்ளது உள்ளபடி பெயர்க்கத் தெரியாத மனிதரால் ஓர் உயிர் அநியாயமாகப் போயிருக்கிறது. அவருடைய பெயர் ஆங்கிலப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.