இடுப்பெலும்பு வைத்த முழங்கை

தஞ்சாவூரில் எலும்பு டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சில் இருந்த பெண் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் சொன்னார்:

“என் முழங்கையில இருக்கிறது என்னோட இடுப்பெலும்பு தம்பி.”

அந்த இளைஞர் சிரித்துவிட்டார். குவைத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, மாவுக்கட்டுப் போட்டும் முழங்கை எலும்பு சேராமல் கூத்தாநல்லூருக்குத் திரும்பியவர் என்று அவர்கள் பேச்சிலிருந்து ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“நெசமாத்தான். எனக்கும் கட்டுப் பிரிச்சப்ப ஒட்டல. இடுப்புலேர்ந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வச்சு பிளேட் போட்டாங்க.”

“எனக்கும் அதையேதான் சொல்றாங்கக்கா. வேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். விசா முடிய ரெண்டு மாசந்தான் இருக்கு.”

“இந்தக் கையோட அங்க போயி என்னத்தத் தூக்குவீங்க?”

அந்த இளைஞர் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டார். “ரொம்ப வலிக்குமாக்கா?” என்றார்.

“கையைவிட இடுப்புதான் வலிச்சுது. ஆறு மாசம் வயலுக்குப் போகல. இந்தக் குறுவைக்கு நடவு நட்டேன்.”

அந்தப் பெண் முழங்கையில் நீளத் தழும்பு இருந்த கையை நீட்டிக் காட்டினார். முழுவதும் நீளாமல் லேசாக மடங்கியே நின்றது.

“இவ்வளவுதான் நீட்ட வரும். ஆனா ஆடாது, வலிக்காது. நாத்துக்கட்டு தூக்குறேன்.”

இளைஞர் அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையால் செல்போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

“பாத்திமா, இன்னிக்கு வீட்டுக்கு வரல. ஆபரேஷனுக்குச் சேந்துக்கிறேன். ரெண்டு கைலி எடுத்துக்கிட்டு வா. சட்டை மட்டும் தொளதொளன்னு இருக்கிறதா பாத்து எடு.”