வறட்சிக் கொட்டகை

நான் புல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறீர்கள், ஐயா. உங்கள் உத்தியோகம் அப்படி என்றாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மாட்டுத் தீவனப் புல்தான் என் தொழில். ஒருமுறை நட்டால் பல வருஷம் நிற்கிற வகை. மழை பொய்த்தாலும் பச்சை மாறாத ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று இருபது வருஷம் பாடுபட்டேன். கோடையில் கடைசிவரை பச்சையாக நிற்கிற செடிகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று இனம் சேர்த்து, விதை எடுத்து, அடுத்த கோடையில் மறுபடி பொறுக்குவேன். அந்தப் புல்லுக்கு என் பெயரையே வைக்கலாம் என்று ஆராய்ச்சி நிலையத்தில் பேச்சு இருந்தது.

என் சகலையும் அங்கேதான் வேலை பார்த்தான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்ததே நான்தான். அவன் வளர்த்த புல்லைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். தண்ணீரை நிறுத்திய கொஞ்ச நாளிலேயே காய்ந்து சருகாகிவிடும். ஆனால் மறுபடி தண்ணீர் விட்டால் அடிக்குருத்திலிருந்து துளிர்த்துக்கொண்டு வரும். என்னுடையது கடைசிவரை பச்சையாக நிற்கும், அப்புறம் ஒரேயடியாகப் போய்விடும். எத்தனை தண்ணீர் விட்டாலும் எழுந்திருக்காது.

ஒரு நாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அக்காவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பச்சையா நிக்கிற குணம் வேற, காஞ்சு திரும்பி வர்ற குணம் வேற. ரெண்டுக்கும் மரபணு தனித்தனி. நீங்க பச்சையா பாத்துப் பாத்துப் பொறுக்கினதுல மத்தது கழிஞ்சே போச்சு.”

“சரி, ஆறிடப் போகுது, சாப்பிடு” என்றேன்.

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அன்றிலிருந்துதான் யோசிக்க ஆரம்பித்தேன். சருகாகிப் போன புல் ஒன்றுவிடாமல் எப்படித் துளிர்க்கும்? யாராவது இடையில் தண்ணீர் காட்டினால்தான் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தேன். கொட்டகைக்குப் போகும்போது சில நாள் திரும்பிப் பார்த்தான். சில நாள் திரும்பியே பார்க்காமல் போனான், அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

புல்லைத் தண்ணீர் இல்லாமல் காயவிட்டுச் சோதிக்கிற வறட்சிக் கொட்டகை பண்ணையின் கடைக்கோடியில் இருக்கிறது. கருங்கல் சுவர், கம்பி வலை பதித்த கண்ணாடிக் கூரை, இரும்புக் கதவு. சோதனை முடிகிறவரை உள்ளே குழாயை அடைத்து வைத்திருப்போம். நல்ல கோடையில் கால் மணி நேரம் நின்றாலே சட்டை நனைந்துவிடும். நிலையத்துக்குத் தொடர் விடுமுறை விட்ட மாலையில், எல்லோரும் கிளம்பிய பிறகு, அவன் புடைத்த துணிப்பை ஒன்றோடு அதற்குள் போனான். அவனுடைய ஃபோன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது. நான் பின்னாலேயே போய் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். திருட்டுத்தனமாகத் தண்ணீர் கொண்டுபோயிருந்தால் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும். விடுமுறை முடிந்து இயக்குநரோடு போய்த் திறந்தால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான். கொண்டுபோகவில்லை என்றால் அவன் யோக்கியன். ஆனால் யோக்கியனுக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?

இருட்டுவதற்குள் கொழுந்தியாள் கூப்பிட்டாள்.

“அத்தான், அவரு இன்னும் வீட்டுக்கு வரல. ஃபோனும் எடுக்க மாட்டேங்கிறாரு. ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

“விதை வாங்க வெளியூர் போயிருப்பான்மா. அங்க சிக்னல் இருக்காது. நீ பதறாத.”

பாதியில் திறந்தால் சோதனை கெட்டுவிடும். எங்கள் தொழிலில் அது பாலபாடம்.

மறுநாள் போய்க் கதவருகே நின்றேன். உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தான். தாகத்தில் இருக்கிறவனுக்கு இவ்வளவு தெம்பு ஏது என்று தோன்றியது. அதற்கும் மறுநாள் சத்தமே இல்லை. குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான் என்று நினைத்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது அவன் கதவை ஒட்டித்தான் கிடந்தான். இயக்குநர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். துணிப்பைக்குள் ஒரு தராசு இருந்தது. புல் நட்ட தொட்டிகளை எடை போடப் போயிருக்கிறான். யாராவது தண்ணீர் விட்டிருந்தால் தொட்டி கனத்திருக்கும், விடவில்லை என்பதைக் காட்டத்தான் தராசு. பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், காலியாகக் கிடந்தது.

நீங்களே எடை போட்டுப் பார்த்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பார்த்திருக்கலாம்தான். ஆனால் தராசு தொட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். எனக்கு அவனைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது. ஆமாம், தாழ்ப்பாளைப் போட்டது நான். தட்டியதைக் கேட்டும் திறக்காததும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அப்புறம் இயக்குநர் அவனுடைய தொட்டிகளுக்குத் தண்ணீர் விடச் சொன்னாராம். ஒன்றுவிடாமல் துளிர்த்துவிட்டதாம். என் மனைவி இங்கே வந்து அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால்தான் அந்த பாட்டிலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். உள்ளே போகும்போது அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது? அதை அவன்தான் குடித்தான் என்பதற்கு உங்களிடம் என்ன சாட்சி? தொண்டை காய்ந்து செத்தாலும் சரி என்று அந்தப் புல்லுக்குத்தான் ஊற்றியிருப்பான், ஐயா. அவ்வளவு வஞ்சகம் அவனுக்கு.