வெஸ்டர்கம்ப் வீட்டு மருமகன்

"இந்த எழுத்து உங்களுக்கு மட்டும் எப்படிங்க புரியுது? கோழி கிண்டின மாதிரியில்ல இருக்கு?" என்று டெல்மர் வெஸ்டர்கம்ப் என்னிடம் கேட்டார். ஆறு வருடங்களுக்கு முன்பு, 1972-ல், நம் கோயிலின் நிலவறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். என்னிடம் யாரும் எதையும் கேட்பது வழக்கமில்லை. 

போதகர் ஐயா, பழைய பதிவேடுகளைப் படம் பிடிக்க வந்தவர் மூன்று தாள்கள் குறைவதாகச் சொன்னார் என்றும், அதுபற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரும்படியும் கேட்டீர்கள். எழுதுகிறேன். தாள்களை வெட்டியவள் நான்தான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதிவேடுகளிடம் அந்தத் தொல்லை இல்லை. ஜெர்மனியிலிருந்து முதல் கப்பலில் இங்கே வந்தவர்கள் காலத்திலிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கின்றன. அதை நானாகவே கற்றுக்கொண்டேன். முன்னோர்களைத் தேடி வருகிறவர்களுக்கு வாசித்து, வம்ச மரமாக வரைந்து கொடுப்பேன்.

டெல்மர் பெருமைக்காக வரவில்லை. காப்பிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவத் தொடங்கியிருந்தது. செயின்ட் லூயிஸ் டாக்டர் அவரிடம், வம்சத்தில் யாருக்காவது கைகால் ஆட்டமும் புத்தித் தடுமாற்றமும் இருந்ததா என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு நோய் உண்டாம். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டித்தான் தலைகாட்டும். மருந்தும் இல்லை, முன்கூட்டிக் கண்டுபிடிக்கச் சோதனையும் இல்லை. வம்சத்தைப் பார்ப்பது ஒன்றே வழி. டெல்மரின் அப்பா முப்பத்து நாலு வயதில் கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். தாத்தாவின் பெயர் ஆகஸ்ட்; அவர் முப்பத்தாறு வயதில் காய்ச்சலில் போனார். நோய் அவர்களிடம் இருந்திருந்தாலும் வெளியே தெரிய அவகாசம் இல்லை.

"எனக்காக இல்ல டீச்சரம்மா," என்றார் டெல்மர். "நான் பாதிக் கிழவன். எம் பொண்ணு மார்லிஸ்தான் கேக்கறா. ரத்தத்துல இது இருந்தா புள்ளையே வேண்டாங்கறா. அவ புருஷன் தொட்டிலுக்குப் பலகையை அறுத்து வெச்சிட்டு, ஆணி அடிக்கலாமா வேண்டாமான்னு முழிச்சிட்டு நிக்கறான்."

அதுவரை என்னை யாரும் டீச்சரம்மா என்று கூப்பிட்டதில்லை.

அவர் செவ்வாய்தோறும் வந்தார். மனைவியை இழந்தவர். தானே புகைபோட்ட பன்றி சாசேஜைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். "மறுபடியும் செத்தவங்களோட அரட்டையா? உயிரோட ஒருத்தன் வந்திருக்கேன், இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்க" என்பார். நான் சிரித்ததை அந்த நிலவறைச் சுவர்கள் அப்போதுதான் முதலில் கேட்டிருக்கும்.

ஐந்தாவது வாரம், நான் தனியாக இருந்தபோது விஷயம் கிடைத்தது. நம் முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆண் வாரிசு இல்லாத பண்ணைக்கு மருமகனாகப் போகிறவன், தன் பெயரை வாசலில் விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரைச் சூடிக்கொள்வான். தேடி வருகிறவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தைத் தவறவிடுவது இங்கேதான். ஆகஸ்ட் அந்த வீட்டு மகன் அல்ல, மருமகன். கல்யாணப் பதிவில் இருந்தது: ஆகஸ்ட் வெஸ்டர்கம்ப், பிறப்பால் ரோலிங்.

ரோலிங் குடும்பத்தை அடக்கப் பதிவேட்டில் தேடினேன். ஆகஸ்டின் அப்பா, அண்ணன், இரண்டு தங்கைகள். அன்றைய போதகர் விவரமாக எழுதுகிறவர். "கைகால் ஓயாமல் ஆடின. ஒன்பது வருடம். கடைசியில் பெற்ற பிள்ளைகளையே தெரியவில்லை." நான்கு பேருக்கும் ஏறக்குறைய அதே வரிகள்.

நான் நிதானமாகத்தான் யோசித்தேன். இதைச் சொன்னால் டெல்மருக்கு என்ன கிடைக்கும்? மருந்து இல்லாத நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நல்ல மனிதரின் மிச்சமிருக்கும் நல்ல வருடங்களை நான் ஏன் பறிக்க வேண்டும்? கல்யாணப் பதிவில் ஒன்று, அடக்கப் பதிவில் இரண்டு என மூன்று தாள்களையும் சவரக் கத்தியால் வெட்டி எடுத்து, நிலவறை மூலையில் கோயிலைச் சூடாக்க எரியும் அடுப்பில் போட்டேன். பழைய தாள் சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

வரைந்து கொடுத்த மரத்தில் பொய்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு கோட்டை இடம் மாற்றினேன். ஆகஸ்டை வெஸ்டர்கம்ப் மகனாக்கி, அவர் மனைவியின் பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். வெஸ்டர்கம்ப்காரர்கள் எண்பது வயது வரை ஏர் பிடித்தவர்கள். டெல்மர் அந்தத் தாளைப் பார்த்து அழுதார். மார்லிஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தொட்டிலுக்கு ஆணி அடிச்சாச்சு ஓட்டிலி அக்கா!" என்றாள். அடுத்த இலையுதிர் காலத்தில் ரோண்டா பிறந்தாள்.

மரத்தை அத்தோடு முடித்திருக்கலாம். ஜெர்மனிக்குக் கடிதம் எழுதி இன்னும் நான்கு தலைமுறை பின்னால் போகலாம் என்று நான்தான் சொன்னேன். டெல்மர் தொடர்ந்து வந்தார். தனிமைக்காக இதைச் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவருக்குத்தான் பேச்சுத்துணை தேவைப்பட்டது.

மூன்றாம் வருடம் அவர் தோள் தானாகத் துள்ள ஆரம்பித்தது. நான் கோப்பையைப் பாதிதான் நிரப்புவேன். அந்த வசந்தத்தில் மார்லிஸ் தனியாக வந்தாள். "அப்பா நடக்கறதே சரியில்லக்கா. ரெண்டாவது பெத்துக்கலாமா வேண்டாமா? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள். என் ஒரு வார்த்தைக்காக ஒருத்தி காத்து நின்றது அதுவே முதல் தடவை. "மரம் சுத்தமா இருக்கு, பெத்துக்கோ" என்றேன். இளையவள் ஜில்லுக்கு இப்போது இரண்டு வயது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மார்லிஸ் இரண்டு குழந்தைகளோடும் நிலவறைக்கு வந்தாள். புதிய டாக்டர் ஒருவர் டெல்மர் நடப்பதைப் பார்த்த உடனே நோயின் பெயரைச் சொல்லிவிட்டாராம். இது ரத்தத்தில்தான் வரும் என்றாராம். தாள்கள் காணாமல் போன செய்தியும் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ரோண்டா பொறக்கறதுக்கு முன்னாடியே," என்றேன். பொய் சொல்ல எனக்குக் காரணம் இருக்கவில்லை.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். ஆனால் வார்த்தைகள் சரளமாக வந்தன. "நான் சொல்லியிருந்தா இந்த ரெண்டும் பொறந்தே இருக்காது. நல்லா யோசிச்சுப் பாரு, ஒரு நாள் நீயே எனக்கு நன்றி சொல்லுவே. அப்பாவைப் பத்தியும் கவலைப்படாதே. இனிமே அவரால எங்கயும் போக முடியாது. நான் வீட்டுக்கே வந்து தங்கிப் பாத்துக்கறேன், தினமும்" என்றேன்.

மார்லிஸ் ஜில்லின் மேல்சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை ஒவ்வொன்றாகப் போட்டாள். ரோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு படியேறிப் போய்விட்டாள்.