வட்டப் புள்ளி

எனக்குப் பிள்ளைகளின் கையெழுத்து என்றால் கொள்ளை ஆசை. நூறு பேர் எழுதியதைக் கலந்து வைத்தாலும் எது யாருடையது என்று பிரித்துச் சொல்லிவிடுவேன். என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் உங்கள் எழுத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், சார். அவசரத்தில் கொம்புகளை விழுங்கிவிடுகிறீர்கள்.

பெட்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வேறொரு ஊரில் குழந்தைகள் காப்பகத்தில் நடந்த அசிங்கம் வெளியே வந்தபிறகு, எல்லா அரசுக் காப்பகங்களிலும் புகார்ப் பெட்டி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். சாவி காப்பகத்தில் இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் பாதுகாப்பு அதிகாரியிடம்தான் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நானே மெச்சிக்கொண்டேன். எங்கள் வட்டாரத்துக்கு அந்த அதிகாரி நான். காப்பகங்களில் உறவினர் யாராவது வேலை செய்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். சிறுமியர் காப்பகத்தின் கண்காணிப்பாளர் என் தம்பி. அம்மா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். கல்யாணத்தில் என் இனிஷியல் மாறிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு கடிதம் விழுந்திருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை வரும் காரில் என்னை அனுப்பாதீர்கள். அந்த வீட்டில் அவர் கதவைச் சாத்துகிறார்.' அவ்வளவுதான். காப்பகத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்த பெரிய மனிதரின் கார் அது. விதிப்படி அன்றைக்கே போலீசுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனேன்.

படித்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, இது வெளிய போச்சுன்னா நான் தொலைஞ்சேன். யாரு எழுதுனதுன்னு மட்டும் சொல்லு."

அதில் இருப்பது உண்மையா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவான்.

அடுத்த வாரம் காப்பகத்தில் கையெழுத்துப் போட்டி வைத்தேன். முப்பத்தொரு பிள்ளைகளும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் எழுதினார்கள். ஒரு பெண் மட்டும் புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் குட்டி வட்டம் போட்டிருந்தாள். கடிதத்திலும் அப்படித்தான். முதல் பரிசை அவளுக்கே கொடுத்தேன். நியாயமாகவும் அவள் எழுத்துதான் அழகு. பரிசு ஒரு நீலப் பேனா. "மேடம், இத நானே வச்சுக்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். போகும்போது தம்பியிடம் அவள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னேன்.

அவளுடைய தங்கையும் அங்கேதான் இருந்தாள். தங்கையை வேறு காப்பகத்துக்கு மாற்றிவிடுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். 'நான் எழுதியது பொய்' என்று மடமடவென எழுதிக் கொடுத்துவிட்டாள், அதே நீலப் பேனாவால். கார் வழக்கம்போல வந்து போனது.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டியில் இன்னொரு கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'மேடம், போன தடவை எழுதியது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இடது கையால் எழுதுகிறேன். உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.' புள்ளிகள் மட்டும் அதே குட்டி வட்டம். பாவம், அதை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை. என்னை இவ்வளவு நம்புகிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் சேர்த்துக் காரில் ஏற்றினார்கள். சிக்னலில் கார் மெதுவானபோது இவள் கதவைத் திறந்து தங்கையை வெளியே தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள். சின்னவளுக்குச் சிராய்ப்புதான். இவளுடைய வலது கைமேல் பின்னால் வந்த வண்டி ஏறிவிட்டது. இனி அந்தக் கையால் எழுத முடியாதாம். நல்லவேளை, இடது கையில் கொஞ்சம் பழகியிருக்கிறாள்.

இரண்டு கடிதங்களும் என் கைப்பையில்தான் கிடைத்தன என்கிறீர்கள். உண்மைதான், கிழிக்க மனம் வரவில்லை. இரண்டு தடவையும் அவளைக் காட்டிக்கொடுத்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இதோ பெட்டிச் சாவி. புதிதாக வருபவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், சார். பாவம், பிள்ளைகள் பெயர்கூடப் போடாமல் எழுதுவார்கள். என்னளவுக்கு அவர்களைப் புரிந்துகொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.